வண்டிக்கு அடியில்

வெண்டலின் பட்டியலில் பதினொரு வரிகள்.
பெட்ரோல் ரசீதின் முதுகில்,
சுரங்கத்தில் ஷிஃப்ட் எழுதும் அதே கட்டை எழுத்தில்:
ஏழரைக்கு மலைச்சாலை. ஒன்பதுக்குத் தோட்டம்.
பத்தரைக்கு பென்குவின்.
பதினொன்றே காலுக்குக் கிளம்பியாக வேண்டும்.

மலைச்சாலையில் நாங்கள் மலையைப் பார்க்கவில்லை,
வளைவுக்கு வளைவு அதுதான் எங்களைப் பார்த்தது.
கண்ணாடியை இறக்காதீர்கள் என்றான்,
பபூன் ரொட்டியோடு நிற்காது, பையையும் கேட்கும்.
வலப்பக்கம் கடல்.
அவ்வளவு கீழே, அவ்வளவு நீலமாக இருந்தும்
மூன்று நிமிடம்தான் கொடுத்தான் அதற்கு.

தோட்டத்து ஓடையில் தண்ணீர்
தேயிலை வடித்த நிறம்.
அருவிக்கு எதிரே ஈரப்பாறையில்
சிவப்பு டீசா பூத்திருப்பதாக லொரெட்டா கை நீட்டினாள்.
முதலில் எனக்குத் தெரிந்தது பாறை.
அப்புறம் பாறையில் ஒரு கீறல்.
அப்புறம் கீறலுக்குள்,
யாரோ உதட்டுச்சாயம் துடைத்துவிட்டுப் போனது போல.
"பார்த்தாச்சா?" என்றான் வெண்டல்.
அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

கடற்கரைக்கு முன்னால் நாற்றம் வந்து சேர்ந்தது,
அதன் பின்னால் கழுதைக் குரல்.
திரும்பினால் கழுதை இல்லை,
முழங்கால் உயரத்தில் ஒரு பறவை
வானத்தைப் பார்த்து முறையிட்டுக்கொண்டிருந்தது.
ஒரு காலத்தில் திமிங்கலங்களை இழுத்து ஏற்றி
அறுத்த சிமெண்ட் சரிவாம்.
இப்போது அதன்மேல் நீர்க்காகங்கள்
சிறகை விரித்துக் காயவைக்கின்றன,
துணி காயப்போட்ட வீட்டுக்காரி மாதிரி
எங்களை லட்சியம் செய்யாமல்.

பதினொன்று பத்துக்கு நாங்கள் வண்டியருகே வந்துவிட்டோம்.
"சாவியைப் போடாதீங்க!"
காக்கித் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்
கிரான்வில் என்ற காவலன்.
குனிந்து பாருங்கள் என்றான்.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், நிழலில்,
கிழிந்த தலையணை ஒன்று நின்றிருந்தது.
பாதி உடம்பில் பழைய பழுப்பு,
பாதியில் புதுக் கறுப்பு,
நடுவே எங்கும் சேராத பஞ்சு.
சரளைக்கல்லெல்லாம் அதன் இறகு.

இறகு மாற்றும் காலம் என்றான் கிரான்வில்.
இப்போது கடலில் இறங்கினால் குளிரில் விறைத்துவிடும்.
மீன் கடலில் இருக்கிறது.
அதனால் சாப்பாடும் கிடையாது.
"எத்தனை நாள்?"
"மூணு வாரம்."
வெண்டல் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.
வருஷத்தில் அவனுக்கு விடுப்பு அதே மூன்று வாரம்.

துரத்தக் கூடாதா என்று லொரெட்டா கேட்டாள்.
சேர்த்து வைத்த கொழுப்பில்தான் நிற்கிறது,
ஒரு ஓட்டம் ஓடினால் ஒரு நாள் செலவு.
வெயில் நகரட்டும். நிழல் போனால் அதுவும் போகும்.

தென்கிழக்குக் காற்று தொடங்கியது.
கோழி பை வாங்கி நால்வரும் பிய்த்துத் தின்றோம்.
கிரான்வில் தன் மகள் நீச்சல் கற்கப் பயப்படுவதைச் சொன்னான்.
லொரெட்டா ஷூவைக் கழற்றினாள்.
பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது,
பட்டியலின் ஆறாவது வரியும் ஏழாவதும்
எங்களைவிட்டுத் தானாகவே போய்விட்டன.

ஒன்றரைக்கு வெண்டலைக் காணோம்.
வண்டிக்கு மறுபக்கம் சரளையில் குப்புறப் படுத்திருந்தான்,
கன்னம் தரையில்,
இரும்புத் தூசி இன்னும் போகாத நகங்கள் தாடைக்கடியில்.
பறவை அவனைப் பார்க்கவில்லை.
அது எதையும் பார்க்கவில்லை.
நின்றது. அவ்வளவுதான் அதற்கு வேலை.
"சும்மா நிக்குது," என்றான் கிசுகிசுப்பாக,
பொறாமையா மரியாதையா தெரியாத குரலில்.

இரண்டே முக்காலுக்கு வெயில் சக்கரத்தைத் தொட்டது.
அது ஒருதரம் உதறிக்கொண்டது,
ஒரு பிடி பஞ்சு காற்றில் போனது.
பிறகு, வயிற்றைத் தூக்கிச் சுமக்கும் நடையில்
வெளியே வந்து,
எங்களைத் தாண்டி,
பக்கத்தில் நின்ற நீல வண்டிக்கு அடியில் போய்
நிழல் பார்த்து நின்றுகொண்டது.

கிரான்வில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
நீல வண்டிக்காரரைத் தேடிப் போனான்.

எங்கள் பாதை திறந்திருந்தது.
சாவி வெண்டலின் கையில்.
அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.